விளையாட்டுச் சேனலுக்கு இன்னும் எத்தனை சீசன்?

24 ஆகஸ்ட் 2025, காலை (வாசகர் கேள்வி)

அமெரிக்காவில் இஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனல் மூன்று நாளுக்கு முன் கேபிள் இணைப்பே வேண்டாம் என்று நேரடியாகச் செயலியில் வந்துவிட்டது. மாதம் 29.99 டாலர். எங்கள் விடுதியில் கிரிக்கெட் பார்க்க ஒருவரும் டிவி அறைக்குப் போவதில்லை, எல்லாம் கைபேசிதான். என் கணிப்பு: ஸ்டார் ஸ்போர்ட்ஸ், சோனி ஸ்போர்ட்ஸ் எதுவும் இன்னும் ஐந்து வருடத்தில் சேனலாக இருக்காது. மறுப்பவர் உண்டா?

24 ஆகஸ்ட், இரவு

மறுக்கிறேன். இஎஸ்பிஎன்னை வைத்து ஸ்டார் ஸ்போர்ட்ஸுக்கு ஜாதகம் எழுத முடியாது.

இஎஸ்பிஎன் 1979இல் தொடங்கியது. அது கொழித்ததற்குக் காரணம் பந்தயம் பார்த்தவர்கள் அல்லர், பார்க்காதவர்கள். அமெரிக்கக் கேபிள் தொகுப்பில் அந்தச் சேனல் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் போகும். சமையல் நிகழ்ச்சி மட்டும் பார்க்கும் பாட்டியும் கூடைப்பந்துக்கு மாதாமாதம் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். 2011 வாக்கில் சுமார் 10 கோடி வீடுகள் அப்படிக் கொடுத்தன. இன்று அது ஏழு கோடிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. வீட்டுக்கு மாதம் 9 டாலருக்கு மேல் கிடைக்கிறது என்பது சந்தைக் கணிப்பு. பாட்டி கேபிளை நிறுத்திவிட்டார். அவருடைய பங்கும் பார்க்கிறவன் தலையில் விழுகிறது. 29.99 என்ற விலைக்கு அதுதான் பொருள். ஒரு நேரடிச் சந்தாதாரர் மூன்று கேபிள் வீட்டுக்குச் சமம்.

நம் ஊர்ப் பாட்டி என்றைக்குமே அவ்வளவு கொடுத்ததில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் கட்டண முறை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, தொகுப்பில் சேரும் எந்தச் சேனலும் மாதம் 19 ரூபாய்க்கு மேல் விலை வைக்கக் கூடாது என்றாயிற்று. அதிலும் விநியோகிப்பவரின் பங்கு போக மீதிதான் சேனலுக்கு. பார்க்காதவர் பணத்தில் வாழும் வசதி இங்கே சேனலுக்கு வாய்க்கவே இல்லை. அது விளம்பரத்தில் வாழ்ந்தது, இன்னும் வாழ்கிறது. ஆகவே "எந்தத் திரையில் பார்க்கிறார்கள்" என்பது இங்கே இரண்டாம் கேள்வி. விளம்பரம் கொடுப்பவர் எங்கே நிற்கிறார், ஒளிபரப்பு உரிமை ஏலத்தில் எத்தனை பேர் கை தூக்குகிறார்கள் என்ற இரண்டைக் கேளுங்கள்.

25 ஆகஸ்ட்

"19 ரூபாய் வரம்பு 12 ஆகக் குறைந்ததே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குறைக்க உத்தரவு வந்தது, வழக்குகள் ஓடின, 2022 நவம்பரில் ட்ராயே மறுபடி 19க்குத் திரும்பியது. மேலும் அது தொகுப்புக்கு மட்டுமான வரம்பு. தனியாக விற்கும் சேனலுக்கு என்ன விலை வேண்டுமானாலும் வைக்கலாம். தனியாக வைத்தால் யார் வாங்குவார்கள் என்பதுதான் அந்தச் சுதந்திரத்தின் அழகு.

28 ஆகஸ்ட்

ஏலத்தைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லி இருவர் கேட்டிருக்கிறார்கள். 2022 ஜூன் மாத ஐபிஎல் ஏலத்தை நிதானமாகப் பார்த்தால் இந்தத் தொழிலின் புத்தி முழுவதும் அதில் தெரியும்.

முதலில் 2017. அந்த ஏலத்தில் ஸ்டார் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக 16,347.5 கோடி ரூபாய்க்கு ஐந்து வருடத்துக்கு எடுத்தது. டிஜிட்டலுக்கு மட்டும் ஃபேஸ்புக் 3,900 கோடி கேட்டிருந்தது. தனித்தனியாக வந்த உயர்ந்த விலைகளைக் கூட்டினாலும் ஸ்டாரின் மொத்த விலைக்குக் கீழேதான் நின்றது, ஆகவே ஸ்டாருக்குப் போயிற்று. கைபேசி உரிமை டிவி உரிமையோடு ஒட்டிக்கொண்டு வந்த காலம் அது.

2022இல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் மூட்டையைப் பிரித்தது. ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும் வழியையே அடைத்துவிட்டார்கள். டிவிக்கு ஆட்டம் ஒன்றுக்கு அடிப்படை விலை 49 கோடி, முடிந்தது 57.5 கோடியில். டிஜிட்டலுக்கு அடிப்படை 33 கோடி, முடிந்தது 50 கோடியில். ஐந்து சீசனுக்கு 410 ஆட்டக் கணக்கில் டிஸ்னி ஸ்டார் டிவிக்கு 23,575 கோடி, ரிலையன்ஸின் வயாகாம்18 டிஜிட்டலுக்கு 20,500 கோடி. வெளிநாட்டு உரிமையும் சேர்த்து மொத்தம் 48,390 கோடி.

எனக்குப் பிடித்தது மூன்றாவது பொட்டலம். அதில் இருந்தது சீசனுக்குச் சில முக்கிய ஆட்டங்கள் மட்டும்: தொடக்க ஆட்டம், பிளே ஆஃப், வார இறுதி இரவு ஆட்டங்கள். முதல் சீசனில் 18. அதுவும் டிஜிட்டல் உரிமைதான், ஆனால் தனியுரிமை இல்லை.  போனது ஆட்டம் ஒன்றுக்கு 33.24 கோடிக்கு, அதையும் வயாகாம்18தான் எடுத்தது. ஏற்கெனவே எல்லா ஆட்டத்துக்கும் டிஜிட்டல் உரிமை வைத்திருப்பவர் ஏன் அதே ஆட்டங்களுக்கு இன்னொரு முறை 3,258 கோடி கொடுக்கிறார்? வேறு எவரும் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக. இறுதி ஆட்டம் இன்னொரு செயலியிலும் ஓடினால் 20,500 கோடி கொடுத்து வாங்கிய தனித்துவம் போய்விடும். வாரியம் முதலில் வீட்டை விற்றது, பிறகு வாசற்படியைத் தனியாக விற்றது. இரண்டையும் கூட்டினால் 23,758 கோடி. டிஜிட்டல் டிவியை முந்திவிட்டது என்று பத்திரிகைகள் எழுதியது இந்தக் கூட்டுத்தொகையை வைத்துத்தான்.

இது பார்வையாளர்கள் கைபேசிக்கு மாறியதால் ஏறிய விலை என்று எல்லோரும் சொன்னார்கள். பாதி உண்மை. அமேசான் ஏலத்துக்கு முன்பே விலகிக்கொண்ட பிறகும் ஸ்டார், வயாகாம்18, சோனி, ஜீ என்று பணம் உள்ள நான்கு பேர் இருந்தார்கள். மீதிப் பாதி அந்த நான்கு பேர்.

29 ஆகஸ்ட்

"பத்துக் கோடிப் பேர் சந்தா கட்டினால் ஜியோ சம்பாதித்துவிடாதா?" கணக்குப் போடுவோம். 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது கைபேசிக்கான கீழ்ப்படிச் சந்தா மூன்று மாதத்துக்கு 149 ரூபாய். பத்துக் கோடிப் பேரும் முழு விலை கட்டினால் 1,490 கோடி. ஒரு சீசனின் 74 ஆட்டத்துக்கு டிஜிட்டல் உரிமைத் தொகை மட்டும் 3,700 கோடி. வரி, தயாரிப்பு, சர்வர் செலவு எதையும் நான் இன்னும் தொடவில்லை. பலருக்கு அந்தச் சந்தா ரீசார்ஜோடு இலவசமாக வந்தது என்பதையும் தொடவில்லை.

மூன்று மாதம் என்ற அளவைக் கவனியுங்கள். ஐபிஎல் ஏறக்குறைய இரண்டு மாதம். அது சீசன் டிக்கெட், சந்தா என்பது மேல்பூச்சு.

3 செப்டம்பர்

விளம்பரக்காரர் பக்கம். நான் நீண்ட காலம் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில், வாடிக்கையாளருக்காக டிவி நேரம் வாங்கும் வேலையில் இருந்தவன். கிரிக்கெட்டில் பத்து வினாடிக் கணக்கில்தான் பேரம். ஓவருக்கு ஓவர் இடைவெளி, விக்கெட் விழுந்தால் இடைவெளி, ஐபிஎல்லில் இரண்டரை நிமிட வியூக இடைவேளை. நடுவர் மூன்றாம் நடுவரிடம் கை காட்டினால் மைதானத்தில் பதற்றம், எங்கள் அலுவலகத்தில் உற்சாகம்.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் மட்டும் பொருள் விற்பவருக்குக் கிரிக்கெட் கட்டுப்படியாகாது. நாடு முழுவதும் ஒரே ஒளிபரப்பு, ஒரே விலை. பம்ப் செட் செய்யும் கோவைக்காரர் லக்னோவுக்கும் காசு கொடுக்க வேண்டும். 2017 மே 28 அன்று ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்தது இதை மாற்றியது. பலர் அதை வர்ணனை மொழி விஷயமாக மட்டும் பார்த்தார்கள். எங்களுக்கு அது புதிய கடைவீதி. மாநிலத்துக்குள்ளேயே தொழில் செய்யும் நகைக்கடை, ஜவுளிக்கடை, மசாலாப் பொடி எல்லாம் கிரிக்கெட்டுக்குள் நுழைந்தது அதன் பிறகுதான்.

2023இல் வயாகாம்18இன் செயலியான ஜியோசினிமா ஐபிஎல்லை இலவசமாக விட்டபோது அந்தப் பம்ப் செட் நிறுவனத்தைச் செயலிக்கு அழைத்துப் போனோம். ஊர், வயது, பார்க்கும் மொழி என்று பொறுக்கி எடுக்கலாம். கோவை, திருப்பூர், ஈரோடு என்று எடுத்தோம். செலவு குறைந்தது, விசாரிப்பு கூடியது, நிறுவனத்தைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்குத் திருப்தி. தகப்பனார்தான் நிறுவனத்தைத் தொடங்கியவர். அவர் ஒரு முழு ஆட்டத்தைக் கைபேசியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இரவு பத்தரைக்கு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கடைசி வரை பார்த்துவிட்டேன். நம் விளம்பரம் ஒரு தடவைகூட வரவில்லையே?" வராது ஐயா, நாங்கள் எடுத்த வயது வரம்புக்குள் நீங்கள் இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? சொன்னேன். "அப்படியானால் என் சம்பந்தி வீட்டிலும் வராதா?" என்றார். அடுத்த வாரம் டிவிக்கும் ஒரு தொகை ஒதுக்கச் சொன்னார்.

சிரிக்கலாம். ஆனால் டிவி விளம்பரத்தில் பாதி மதிப்பு அந்தச் சம்பந்தி வீடுதான். எல்லோரும் பார்த்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். விநியோகஸ்தர் கடையில் மறுநாள் பேச்சு வரும். செயலி விற்பது வேறு சரக்கு. இன்னொரு வேறுபாடும் உண்டு. டிவியை பார்க் என்ற பொது அமைப்பு அளக்கிறது. செயலியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று செயலிக்காரரே சொல்கிறார். தராசும் அவருடையது, சரக்கும் அவருடையது.

7 செப்டம்பர்

இடையில் ஒரு சண்டை. "செயலியில் படம் துல்லியம், 4கே" என்கிறார் ஒருவர். இருக்கட்டும். எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டில் கேபிள், என் வீட்டில் செயலி. கேபிளில் படம் முந்தி வரும். நான் பந்துவீச்சாளர் ஓடிவருவதைப் பார்க்கும்போது மேலே நாற்காலி தரையில் இடிபடும். சத்தத்தின் கனத்தை வைத்து நான்கா, ஆறா, விக்கெட்டா என்று என் மனைவி சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

17 செப்டம்பர்

ஆகஸ்டில் இந்த இழை தொடங்கியபோதே இதைத் தொட்டிருக்கலாம், ஆனால் விளைவு தெரியட்டும் என்று காத்திருந்தேன். ஆகஸ்ட் 22 அன்று பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். உடனே இந்திய அணிச் சட்டையிலிருந்து, பணம் கட்டிக் கற்பனை அணி அமைத்து ஆடும் செயலியான ட்ரீம்11 போயிற்று. ஆசியக் கோப்பையில் நம்மவர்கள் விளம்பரப் பெயர் இல்லாத சட்டையோடு ஆடுகிறார்கள். நேற்று அப்போலோ டயர்ஸ் வந்துவிட்டது, சட்டைக்கு ஆள் கிடைப்பது பெரிய காரியமல்ல.

சேனலுக்குத்தான் வலி. இந்தக் கற்பனை அணி நிறுவனங்கள் வெறும் விளம்பரதாரர்கள் அல்லர். கிரிக்கெட் இருந்தால்தான் அவர்களுக்கு வியாபாரம். சோப்புக்காரர் விலை கூடினால் சீரியலுக்குப் போய்விடுவார். இவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை, கேட்ட விலை கொடுத்தார்கள். ஐபிஎல் விலை ஏறியதற்கு இப்படி ஒரு பருவக்காற்று எப்போதும் இருந்தது. ஒரு சமயம் கைபேசி நிறுவனங்கள், பிறகு வணிகச் செயலிகள், கல்விச் செயலிகள், கிரிப்டோ, கடைசியாக இவர்கள். ஒவ்வொரு காற்றும் நின்றபோது அடுத்தது வந்தது. இப்போது எது வரும் என்று வாங்கும் பிரிவில் இன்னும் இருக்கும் நண்பர்களைக் கேட்டேன். ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

5 அக்டோபர்

சந்தா, விளம்பரம் இரண்டும் போதாதென்றால் இவ்வளவு விலை ஏன் கொடுத்தார்கள் என்று ஒருவர் காரமாகக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஏனென்றால் இழந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஐபிஎல் டிஜிட்டல் உரிமை கைநழுவிய பிறகு டிஸ்னி ஹாட்ஸ்டாரின் சந்தாதாரர்கள் 2022 அக்டோபரில் 6.13 கோடியாக இருந்தவர்கள் 2023 செப்டம்பரில் 3.76 கோடி. அதே 2022 ஆகஸ்டில் ஸ்டார் ஐசிசி என்ற சர்வதேசக் கிரிக்கெட் மன்றத்தின் போட்டி உரிமையை, 2024 முதல் 2027 வரை, டிவியும் டிஜிட்டலுமாகச் சேர்த்து வாங்கியது அந்தப் பயத்தில்தான் என்பது என் எண்ணம். டிவிப் பங்கை ஜீக்கு மறு விற்பனை செய்து பாரத்தைக் குறைக்கலாம் என்பது திட்டம். சோனியோடு ஜீ இணையும் என்று எல்லோரும் நம்பிய நேரம். 2024 ஜனவரியில் அந்த இணைப்பு முறிந்தது, ஜீயும் ஐசிசி ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்கியது. 2023-24 கணக்கில் ஸ்டார் இந்தியா 12,500 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டியதற்கு முக்கியக் காரணம், அந்த ஒப்பந்தத்தில் இனிமேல் வரப்போகும் நஷ்டத்தை முன்கூட்டியே ஒதுக்கியது. இன்னும் ஆடாத ஆட்டங்களுக்கு நஷ்டம் எழுதிவிட்டார்கள்.

பிறகு நடந்தது தெரியும். 2024 நவம்பர் 14 அன்று ரிலையன்ஸும் டிஸ்னியும் இந்தியத் தொழிலை இணைத்தன. 70,352 கோடி மதிப்பு. ஐபிஎல் டிவி, ஐபிஎல் டிஜிட்டல், ஐசிசி, வாரியத்தின் உள்நாட்டுத் தொடர்கள் எல்லாம் ஒரே கூரை. 2022இல் ஒருவருக்கெதிராக ஒருவர் கை தூக்கி, டிவியும் டிஜிட்டலுமாக ஆட்டம் ஒன்றுக்கு 107.5 கோடிக்கு ஏற்றிய இரண்டு பேரும் இன்று ஒரே நிறுவனம். அந்த ஏலத்தில் சண்டை போட்டுக் கட்டிய விலையை இப்போது சேர்ந்து சுமக்கிறார்கள்.

இந்த இணைப்பை அனுமதிக்க இந்தியப் போட்டி ஆணையம் ஒரு வாக்குறுதி வாங்கியது: இருக்கும் உரிமைக் காலம் முடியும் வரை ஐபிஎல், ஐசிசி, வாரிய ஆட்டங்களின் டிவி விளம்பர நேரத்தையும் செயலி விளம்பர நேரத்தையும் ஒன்றோடொன்று கட்டி விற்கக் கூடாது. காகிதத்தில் நல்லது. ஆனால் 2023இல் டிவிக்காரர் விலை சொன்னால் "செயலிக்காரர் இவ்வளவுதான் கேட்கிறார்" என்று சொல்லிக் குறைப்போம், அங்கே போய் இங்கேயுள்ள விலையைச் சொல்வோம். எங்களுக்கு அதுதான் தொழில். இப்போது இரண்டு அறையிலும் ஒரே முதலாளியின் ஆட்கள்.

6 அக்டோபர்

"அப்படியானால் வாரியமே சொந்தச் செயலி தொடங்கட்டும்." பிரான்ஸைப் பாருங்கள். 2018இல் மீடியாப்ரோ என்ற நிறுவனம் வருடத்துக்கு 80 கோடி யூரோவுக்கு மேல் தருகிறேன் என்று அந்நாட்டு முதல்நிலைக் கால்பந்தான லீக் 1ஐ வாங்கியது, 2020இல் ஒளிபரப்பு தொடங்கிய சில மாதத்தில் பணம் கட்ட முடியாமல் போயிற்று. 2024இல் பாதி விலைக்கு வந்த இணைய ஒளிபரப்புச் சேவை டசோன் ஒரே சீசனில் பிரிந்தது. வேறு வழியில்லாமல் லீக்கே இந்த ஆகஸ்டில் சொந்தச் சேவை தொடங்கியது, மாதம் 14.99 யூரோ. வாங்க ஆள் இல்லாதபோது எடுக்கும் முடிவு அது. வாங்கக் கூட்டம் இருக்கும்போது எந்த வாரியம் கடை வைத்து உட்காரும்?

நம் வாரியத்துக்கு எதிர்ப்பக்க நினைவும் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கம் வரை ஆட்டத்தைக் காட்டத் தூர்தர்ஷன்தான் வாரியத்திடம் பணம் கேட்டது. 1993 ஹீரோ கோப்பையில் வெளிநாட்டு நிறுவனத்துக்கு உரிமை விற்றதில் வழக்கு வெடித்தது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று தீர்ப்பளித்தது. வாங்குபவர் ஒருவர்தான் என்ற நிலை மாறிய பிறகுதான் கிரிக்கெட்டில் பணம் வந்தது. 2027 ஏலத்தில் வாரியம் அஞ்ச வேண்டியது அந்தப் பழைய நிலை திரும்புவதை. சோனி வரும், ஆனால் எவ்வளவு தூரம்? அமேசான் நியூசிலாந்து கிரிக்கெட்டைக் காட்டிப் பழகிவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

11 நவம்பர்

கிரிக்கெட் அல்லாதவற்றைக் கேட்டவருக்கு. இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வணிக உரிமைக்கு ஒப்பந்தப்புள்ளி கேட்டு, கெடு முடிந்தபோது ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. பூஜ்யம். 2014இல் கபடியிலும் கால்பந்திலும் ஸ்டார் இறங்கியபோது ஒரு யோசனை இருந்தது: உரிமையை வாடகைக்கு எடுப்பதைவிட லீக்கிலேயே பங்கு வைத்துக்கொள்ளலாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஏலத்தில் ரத்தம் சிந்த வேண்டாம். புரோ கபடி அப்படி வளர்ந்தது. தமிழ் தலைவாஸ் தோற்றுக்கொண்டே இருந்தாலும் என் அம்மா பார்க்கிறார். கால்பந்தில் அந்த யோசனை காய்க்கவில்லை.

சிறிய விளையாட்டுக்குச் செயலி நன்றாகவே பொருந்துகிறது. ஃபேன்கோட் என்ற விளையாட்டுச் செயலி 2024இல் ஃபார்முலா 1 பந்தயத்தை ஒரு வார இறுதிக்கு 49 ரூபாய், வருடத்துக்கு 499 ரூபாய் என்று விற்றது. வெறியர்கள் குறைவு, ஆனால் கொடுப்பார்கள். சேனலில் இருபத்து நான்கு மணி நேரம் நிரப்ப வேண்டும். செயலியில் ஞாயிறு மாலை மட்டும் கடை திறந்தால் போதும். கேள்வி கேட்டவரின் கணிப்பு பலிக்குமானால் இங்கேதான் முதலில் பலிக்கும். கிரிக்கெட்டில் கடைசியாக.

16 நவம்பர்

அமெரிக்காவில் இஎஸ்பிஎன்னை வைத்திருக்கும் டிஸ்னிக்கும், இணையம் வழியே சேனல் தொகுப்பு விற்கும் யூடியூப் டிவிக்கும் நடந்த சண்டை முடிந்துவிட்டது. அக்டோபர் 30 முதல் நவம்பர் 14 வரை அந்தச் சேவையில் இஎஸ்பிஎன் தெரியவில்லை. இணையத்துக்குப் போனாலும் பழைய கேபிள் சண்டைதான், கம்பி மட்டும் வேறு.

நமக்கும் ஒன்று நடந்தது, பலர் மறந்திருப்பீர்கள். 2023 பிப்ரவரியில், ட்ராயின் திருத்திய முறைப்படி வைத்த புதிய விலையைப் பெரிய கேபிள் நிறுவனங்கள் ஏற்கவில்லை என்று ஸ்டார், ஜீ, சோனி மூன்றும் அவற்றுக்குச் சிக்னலை நிறுத்தின. சுமார் நாலரைக் கோடி வீடுகள் என்று கேபிள் தரப்பு சொன்னது. டெல்லியில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட் நடந்துகொண்டிருந்த வாரம். ஜடேஜா ஏழு விக்கெட் எடுத்த காலை, உடுமலைப் பக்கம் கேபிள் நடத்தும் என் சித்தப்பா மகன் வீட்டு வாசலில் ஆள் கூடிவிட்டது. அவனிடம் காட்ட ஒன்றும் இல்லை. திட்டு வாங்கினான். அன்றைக்குத் திட்டியவர்களில் பலர் அந்த மாதமே அவனிடம் இணைய இணைப்பு வாங்கினார்கள். சில நாளில் சிக்னல் வந்ததும் பெட்டியையும் புதுப்பித்துக்கொண்டார்கள். இப்போது இரண்டுக்கும் கட்டுகிறார்கள். பெட்டியை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் ஜூன் மாதம், ஐபிஎல் முடிந்த கையோடு வருகிறார்கள் என்கிறான். அடுத்த மார்ச்சில் அவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று தன் வசூல் நோட்டிலிருந்து எண்ணித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். வந்தால் போடுகிறேன்.